நாலு சட்டையும் ஒரு பிரமாணப் பத்திரமும்

மடிப்பண்ணனுக்குச் சொந்தமாக நாலே நாலு சட்டைகள்தான் உண்டு என்ற விவரம், அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த பிறகுதான் ஊருக்குத் தெரியவந்தது. அதுவரை அவரிடம் குறைந்தது நானூறாவது இருக்கும் என்று ஊர் கணக்குப் போட்டு வைத்திருந்தது. ஊரைக் குறைசொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வருடங்களாக, ஒரே சட்டையை இரண்டாம் நாளும் போட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. திங்கட்கிழமை கோடு, செவ்வாய்க்கிழமை கட்டம், புதன்கிழமை பளபளவென்று ஒன்று. கைப்பகுதியில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும் மடிப்பை வைத்துக் காய்கறி நறுக்கலாம். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

அவர் சலவைக் கடை வைத்திருந்தார் என்று இந்த இடத்தில் சொல்லிவிட்டால் மர்மம் உடைந்துபோகும். போகட்டும். முன்பக்கம் ஒரு நீள மேசை, பின்பக்கம் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், நடுவே கம்பிகளில் வரிசையாகத் தொங்கும் ஊராரின் மானம். அந்த மானத்திலிருந்து நாளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அவர் போட்டுக்கொள்வார். போட்டுக்கொள்வது என்று அவர் சொல்ல மாட்டார். 'சோதனை' என்பார்.

"கம்பியில தொங்குறப்ப எல்லா மடிப்பும்தான் நிக்கும். ஒரு மனுஷன் போட்டு, உக்காந்து, எந்திரிச்சா நிக்குதா? அதைப் பாக்க வேண்டாமா?"

"இருபத்திரண்டு வருஷமாவா பாக்குறீங்க? எந்தப் பரீட்சைக்கும் இவ்வளவு நாள் ஆகாது" என்பாள் மனைவி. பொத்தான் தைப்பதும், துணியை அட்டை வைத்து மடிப்பதும், வரவு செலவும் அவள் இலாகா.

ஆனால் அவரிடம் நேர்மை இருந்தது. சோதனை செய்த சட்டையை மறுபடி துவைத்து, மறுபடி இஸ்திரி போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். ஒரு கூலிக்கு இரண்டு சலவை. வாடிக்கைக்காரருக்கு லாபம்தான், அது தெரியாது என்பது மட்டும்தான் அவருக்குக் குறை.

துணிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, காலரின் உள்பக்கம் அழியாத மையில் ஒரு குறி போடுவார். எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் எண் போடுவார்கள், எழுத்துப் போடுவார்கள். மடிப்பண்ணனுக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, கறை நிற்கும். ஆகவே கறைதான் குறி. பேனாவை மூடாமல் பையில் வைக்கிறவருக்கு ஒரு பேனா முள். முத்தத்துக்குப் பின் காலரைப் பார்க்க மறந்துபோகிறவருக்கு ஓர் இதழ். கறைக்குத் தனிக் கூலி. வருமானத்தில் பாதி அதில்தான் வந்தது. மனிதர்கள் ஒழுங்காகச் சாப்பிடக் கற்றுக்கொண்டால் தன் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

கடன் வந்த கதையும் சட்டைக் கதைதான். நீராவியில் ஓடும் பெரிய இஸ்திரி யந்திரம் ஒன்று வாங்க ஆசைப்பட்டார். ஊரின் பெரிய ஓட்டல், படுக்கை விரிப்புகளையெல்லாம் அவரிடமே தருவதாக வாய் வார்த்தை சொல்லியிருந்தது. பைனான்ஸ்காரரிடம் கடன் கேட்கப் போனபோது, சாம்பல் நிறக் கோட்டு ஒன்று சோதனையில் இருந்தது. பைனான்ஸ்காரர் ஈடு கேட்கவில்லை, ஜாமீன் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்தார், கொடுத்தார். கோட்டு ஒரு பல் டாக்டருடையது.

யந்திரம் வந்து இறங்கிய அதே மாதம், ஓட்டலும் அதே மாதிரி ஒன்றை வாங்கித் தன் பின்கட்டில் இறக்கிக்கொண்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் நடப்பதுதான். வட்டி வளர்ந்தது, தவணை தேய்ந்தது, பைனான்ஸ்காரர் வழக்குப் போட்டார், ஜெயித்தார். பாக்கியை மடிப்பண்ணன் எப்படிக் கட்டுவது என்பது மட்டும் மிச்சம். மாதம் எட்டாயிரம் கட்டட்டும், இல்லையென்றால் யந்திரத்தையும் கடைச் சாமான்களையும் ஜப்தி செய்து ஏலம் விடட்டும் என்பது பைனான்ஸ்காரரின் கோரிக்கை. மாதம் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உயிரை வைத்தாலும் வராது என்பது மடிப்பண்ணனின் நிலைமை. எது நடக்கும் என்பதை ஒரு காகிதம் முடிவுசெய்யும். வருமானம், செலவு, சேமிப்பு, சொத்து எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதி, சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். நீதிமன்றம் நம்பினால் கடை பிழைக்கும். பொய் என்று கண்டால் கடையும் போகும், அதற்கு மேலும் போகலாம்.

நாலு பக்கப் படிவம். அதை நிரப்ப, மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். அவன் நீதிமன்ற வளாகத்தில் டீக்கடை வைத்திருந்தான். பதினோரு வருடமாக வக்கீல்களுக்கு டீ ஊற்றியதில் பாதி வக்கீலாகிவிட்டான். மீதிப் பாதி டீயிலேயே இருந்தது.

"அசையாச் சொத்துன்னு கேட்டிருக்கு அத்தான். என்ன எழுத?"

மடிப்பண்ணன் யோசித்தார். "பின்பக்கக் கதவு. மழைக்கு ஊதிப்போய் மூணு வருஷமா அசையல."

"அது வீட்டுக்காரர் கதவுங்க" என்றாள் மனைவி.

"இல்லைன்னு போடுறேன். அசையும் சொத்து?"

"யந்திரம். ரெண்டு இஸ்திரிப் பெட்டி. மேசை... அதுவும் அசையும், ஒரு கால் குட்டை."

"உடைகள்னு ஒரு வரி இருக்கு."

இங்கேதான் முதல் சிக்கல். 'தங்கள் வசம் உள்ளவை' என்று போட்டிருந்தது. மடிப்பண்ணன் எழுந்துபோய்க் கம்பிகளை எண்ணிவிட்டு வந்தார். "சட்டை நூத்தி நாப்பத்தி மூணு, பேன்ட் அறுபது, கோட்டு பதினெட்டு, ஜன்னல் திரை ஒம்போது."

"அத்தான்! இது ஜப்திக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிறது. வசம்னா சொந்தம்னு அர்த்தம்."

"வசம் வேற, சொந்தம் வேற மாப்ளே. சத்தியம் பண்ணிக் கொடுக்கற காகிதம்."

"உங்க சொந்தச் சட்டை எத்தனைங்க?" என்று மனைவி குறுக்கே வந்தாள்.

மடிப்பண்ணன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அவள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவருடைய சொத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். ஒரு நீலம். காலர் இல்லாத ஒன்று. வெள்ளையடித்தபோது போட்ட ஒன்று. சுவரைவிட அதில்தான் சுண்ணாம்பு அதிகம். நாலாவது, அடுப்படித் துணியாகப் பதவி இறக்கம் பெற்று, ஒரு கையோடு சேவையில் இருந்தது.

"நாலு" என்று எழுதினார்கள்.

அடுத்து, சேமிப்பு. "தொப்பையைச் சேத்துக்கலாமா?" என்றாள் மனைவி. மடிப்பண்ணன் அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவைத்தார். இருபத்திரண்டு வருடங்களில் சட்டைப் பைகளிலும் பேன்ட் பைகளிலும் அகப்பட்டவை: சில்லறை, சாவி, பஸ் டிக்கெட், மூக்குக் கண்ணாடியின் ஒரு கால், பல் ஒன்று, கடிதங்கள். ஒவ்வொன்றும் குறி போட்ட துண்டுத் துணியில் முடிந்திருந்தது. யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று. கடிதத்தைக் கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

"சேமிப்பு: பிறர் பையில் கிடைத்தவை, ஒரு டப்பா" என்று அவரே எழுதினார். மைத்துனன் பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தான்.

"பாக்கி ஏதாவது வரணுமா உங்களுக்கு?"

"பைனான்ஸ்காரர் மூணு வருஷமா சலவைக் கூலி தரல. கணக்குல எழுதிக்கன்னு சொல்லுவாரு."

"வருமா?"

"வராது. அவரு குறியே சுழிதான். பூஜ்யம்."

"வராத காசு பாக்கி இல்லத்தான், அனுபவம். அதுக்குப் படிவத்துல இடம் கிடையாது. இப்ப முக்கியமான விஷயம். கோர்ட்டுக்கு வர்றப்ப பாத்தா பரிதாபமா இருக்கணும். இந்த ராஜாவாட்டம் மடிப்பெல்லாம் கூடாது."

"ஊராரு சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் திரியறீங்கன்னு வெளியில தெரிஞ்சா ஒரு பய துணி போடமாட்டான்" என்றாள் மனைவி. "இருபத்திரண்டு வருஷமா அடுத்தவங்க சட்டையில பணக்காரரா இருந்தீங்க. ஒரு நாளைக்கு நம்ம சட்டையில ஏழையா இருங்களேன். பழக்கமில்லைன்னாலும் பொருத்தமா இருக்கும்."

நீலச் சட்டை என்று முடிவானது.

விசாரணை நாள் காலையில் மடிப்பண்ணன் நீலச் சட்டையை மேசையில் விரித்தார். வாடிக்கைக்காரர் துணிக்கே முன்னுரிமை என்ற கொள்கையால், அந்தச் சட்டைமேல் அதுவரை இஸ்திரிப் பெட்டி பட்டதே கிடையாது. தண்ணீர் தெளித்தார். முதுகில் பெட்டியை வைத்தார். பக்கத்தில் படிவத்தின் நகல். "இதில் கண்ட விவரங்கள் யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்ற வரியைப் படித்தார். அறிவுக்கு எட்டியவரை என்றால் எதுவரை என்று யோசித்தார். மூக்குதான் முதலில் அவரைத் தட்டி எழுப்பியது.

தூக்கிப் பார்த்தால், முதுகில் அச்சு அசலாக ஓர் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஓட்டை. தொழிலில் அவர் கருக்கிய முதல் சட்டை, தன்னுடையது.

"ஐயோ" என்றாள் மனைவி.

"நாலுன்னு எழுதிக் கொடுத்தாச்சே! இப்ப மூணுதானே இருக்கு?" என்றார் மடிப்பண்ணன். அவருடைய கவலை அது.

மணி ஒன்பதேகால். காலர் இல்லாததையும் சுண்ணாம்புச் சட்டையையும் போட்டுப் பார்த்தார். ஒன்றில் பைத்தியக்காரன் மாதிரி இருந்தது, மற்றதில் சுவர் மாதிரி இருந்தது. அடுப்படிச் சட்டைக்கு ஒரு கைதான். வேறு வழியில்லாமல் கம்பிகளின் பக்கம் திரும்பி, கடையிலேயே கேவலமான சட்டையைத் தேடினார். அதைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. நாலு நாளாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது அது. அழுக்கு வெள்ளை. எத்தனை கஞ்சி போட்டாலும், எத்தனை நீராவி அடித்தாலும் மடிப்பே நிற்காத துணி. போட்ட ஐந்தாம் நிமிடம் கசங்கிவிடும். மூன்றாவது பொத்தானைக் கறுப்பு நூலால் யாரோ அவசரத்தில் தைத்திருந்தார்கள். மடிப்பு நிற்காத துணியைப் போடுகிறவன் மனிதரில் கடைசி என்பது அவர் சித்தாந்தம்.

"இதைவிடப் பிச்சைக்காரச் சட்டை உலகத்திலேயே கிடையாது" என்று போட்டுக்கொண்டார்.

"இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தலை எறிஞ்ச கதைதான்" என்றாள் மனைவி.

"எறியல. எரிஞ்சுபோச்சு" என்று திருத்திவிட்டுக் கிளம்பினார்.

நீதிமன்றத்தில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. மேலே நீதிபதி அம்மா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வழக்குக் கட்டைப் பிரித்தார். மடிப்பண்ணன் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று சொன்னார். பின்வரிசையில் மைத்துனன், டீக்கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். பைனான்ஸ்காரர் முன்வரிசையில், வயிற்றுக்கு ஓர் இருக்கை, தனக்கு ஓர் இருக்கை என்ற கணக்கில் அமர்ந்திருந்தார். அவருடைய வக்கீல் எழுந்தார்.

"மாச வருமானம் பதினாலாயிரம். செலவு பன்னண்டாயிரத்தி ஐநூறு. சரிதானா?"

"சரிதாங்க."

"சேமிப்புன்னு போட்ட எடத்துல ஏதோ எழுதி அடிச்சிருக்கு. 'ஒரு டப்பா'ன்னு தெரியுது. என்ன டப்பா? எதை மறைக்கறீங்க?"

"அது எங்களுதில்லீங்க. துணிப் பையில ஜனங்க மறந்து விடுறது. முடிஞ்சு வெச்சிருக்கேன். வந்து கேட்டாக் கொடுத்துடுவேன்."

"நம்பச் சொல்றீங்களா?"

"உங்க பேன்ட்லகூடப் போன மாசம் ஒண்ணு இருந்துச்சுங்க. மடிச்ச காகிதம், ரோஸ் கலரு. அதுல என்னன்னு நான் பாக்கல. வாசனைதான்..."

"டப்பா விஷயம் போதும்" என்றார் வக்கீல். நீதிபதி அம்மா எதையோ குறித்துக்கொண்டார்.

"உடைகள். சட்டை நாலுன்னு சொல்லியிருக்கீங்க."

"மூணுங்க. அதைத் திருத்திக்கணும். இன்னிக்குக் காலையில ஒண்ணு கருகிடுச்சு."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. வக்கீல் சிரிக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, மடிப்பண்ணனின் சட்டைக் கையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்போ நீங்க இப்பப் போட்டிருக்கறது அந்த மூணுல ஒண்ணா?"

மடிப்பண்ணன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"அம்மா, இந்தத் துணியைப் பாருங்க" என்று வக்கீல் மேலே திரும்பினார். "இது சுத்தமான லினன். வெளிநாட்டுச் சரக்கு. இந்த ஒரு சட்டை விலையில இவர் ஒரு மாசத் தவணை கட்டலாம். மிச்சம் ஒண்ணுமில்லைன்னு சத்தியம் பண்றவர் போட்டுக்கிட்டு வர்ற சட்டை இது!"

மடிப்பண்ணனுக்கு வாய் பிளந்துவிட்டது. "இதுவா? இதுக்கு அவ்வளவு வெலையா? மடிப்பே நிக்காதுங்களே!"

அந்த ஆச்சரியத்தில் நடிப்பு இல்லை என்பது பின்வரிசைவரை தெரிந்தது. ஆனால் ஆச்சரியம் சாட்சியமாகாது. இரண்டு வாசல்கள்தான் இருந்தன. என்னுடையது என்றால் பத்திரம் பொய். கடை ஏலத்துக்குப் போகும். என்னுடையது இல்லை என்றால் பத்திரம் மெய். சலவைக்காரன் வாடிக்கைக்காரர் துணியைப் போட்டுத் திரிகிறான் என்று ஊர் முழுக்கத் தெரியும். கடையை ஏலம் விடத் தேவையே இருக்காது, தானாக இழுத்து மூடிக்கொள்ளும். மனைவி சொன்னது காதில் ஓடியது. பைனான்ஸ்காரரின் வயிறு லேசாகக் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

மடிப்பண்ணன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். சத்தியம் என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை.

"என்னுது இல்லீங்க. கடைக்கு வந்த சட்டை."

"யாரோடது?"

"தெரியாதுங்க."

"யாருன்னே தெரியாதவங்க சட்டையைப் போட்டுக்கிட்டுக் கோர்ட்டுக்கு வந்திருக்கீங்க! நாங்க நம்பணும்!"

"பேருதாங்க தெரியாது. கறை தெரியும். காலரைத் திருப்பிப் பாருங்க, குறி இருக்கும். என் சொந்தச் சட்டைக்கு நான் எதுக்குங்க குறி போடப்போறேன்?"

கிளார்க் வந்து காலரைத் திருப்பிப் பார்த்து, "சொட்டு மாதிரி ஒண்ணு. கூட ரெண்டு புள்ளிம்மா" என்றார்.

"இதை யார் வேணும்னாலும் கிறுக்கிக்கலாம்" என்றார் வக்கீல். "என்ன அர்த்தம் இதுக்கு?"

"சொட்டுன்னா எண்ணெய்ங்க. ஒரு புள்ளி வலது கை, ரெண்டு புள்ளி இடது கை." சொந்த விஷயத்தில் தடுமாறிய மடிப்பண்ணனின் குரல், தொழில் விஷயம் என்றதும் நிமிர்ந்தது. "இந்த வீட்டு ஐயா இடது கைக்காரர். வாரத்துல ரெண்டு சட்டையில இடது கைமுனையில எண்ணெய்க் கறை இருக்கும், பொரிச்ச பண்டத்துக் கறை. வீட்டு எண்ணெய் இல்லீங்க, கடை எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சுன எண்ணெய்க்கு ஒரு கறுப்பு இருக்கும். அதை அவரே சோப்புப் போட்டுத் தேச்சிருப்பாரு, பாதி போயிருக்கும். வீட்டுக்குத் தெரியாமச் சாப்பிடறவங்கதான் அப்படித் தேய்ப்பாங்க. பையில மாத்திரை அட்டை ரெண்டு தடவை கிடைச்சுது, கொழுப்புக்குப் போடற மாத்திரைன்னு மருந்துக் கடைக்காரர் சொன்னாரு. டாக்டர் வேணாம்னு சொல்லியிருப்பாருங்க. பாவம், ஆசை விடல."

நீதிபதி அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"அப்புறம் இந்தப் பொத்தான். வெள்ளைச் சட்டைக்குக் கறுப்பு நூல். அந்த வீட்டம்மா படிச்சவங்க, வேலைக்குப் போறவங்க. காலையில அவசரத்துல கையில கெடச்ச நூல்ல தெச்சிருக்காங்க. ஆனா தையல் கெட்டி, ஆறு சுத்து. ஒரு தடவை முடிவு பண்ணிட்டா அவுக்க மாட்டாங்க."

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அந்த மூன்றாவது பொத்தானைப் பார்த்தார். பிறகு அந்த இடது கைமுனையைப் பார்த்தார். ஒரு தீர்ப்பு எழுதுகிற நேரம் பார்த்தார்.

இதற்குள் கூடத்தில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. கிளார்க்கின் கை மெதுவாகத் தன் காலருக்குப் போயிற்று. இரண்டாம் வரிசை வக்கீல் ஒருவர், பக்கத்து வக்கீலின் கழுத்துக்குள் எட்டிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன?" "ஏதோ முள்ளு மாதிரி. எனக்கு?" ஒருவர் கோட்டையே கழற்றித் திருப்பினார். பைனான்ஸ்காரர் தன் காலரை இழுத்து, பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

"வட்டம்" என்றார் அவர்.

"ஏய், எனக்கு எதுக்கு வட்டம் போட்டே?" என்று பைனான்ஸ்காரர் நீதிமன்றம் என்பதையும் மறந்து எழுந்தார்.

"அது முழு நிலாங்க" என்றார் மடிப்பண்ணன்.

அன்று சத்தியத்தின் மேல் நின்று அவர் சொன்ன ஒரே பொய் அது. அதை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. முகம் மலர்ந்து உட்கார்ந்தார் பைனான்ஸ்காரர்.

"அமைதி" என்றார் நீதிபதி அம்மா. "வக்கீல் சார், வேற கேள்வி இருக்கா?"

வக்கீல் தன் காலரைத் தொடலாமா வேண்டாமா என்ற யோசனையில் இருந்தார். "இல்லைம்மா."

நீதிபதி அம்மா எழுதிக்கொண்டே சொன்னார். எதிர்த்தரப்பு அளித்துள்ள விவரங்களை நம்பாதிருக்கக் காரணம் ஏதும் இல்லை. சட்டை அவருடையதல்ல என்பதில் இந்த நீதிமன்றத்துக்குத் துளியும் சந்தேகம் இல்லை. யந்திரம் பிழைப்புக் கருவி, ஜப்தி கிடையாது. மாதம் ஆயிரத்து ஐந்நூறு வீதம் கட்டிவர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமானக் கணக்கைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் காரணத்தோடு. பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தச் சட்டையை இன்னிக்கே துவைச்சு அனுப்பிடுங்க. ரெண்டு நாளா வீட்டுல தேடிக்கிட்டிருக்காங்க."

கூடம் நிமிர்ந்தது. நீதிபதி அம்மா ஒருமுறை இருமினார்.

"தேடிக்கிட்டிருப்பாங்கன்னு சொல்றேன். அடுத்த வழக்கு."

வெளியே மைத்துனன் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "எப்படித்தான் வாதாடுனீங்க! நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே!" மடிப்பண்ணன் அதைக் கேட்கவில்லை. "அவ்வளவு விலையாமே" என்று சட்டையை உடம்போடு ஒட்டாமல் விலக்கிப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் ஊர் திரண்டு வந்தது. துணிகளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடப்போகிறார்கள் என்று மனைவி சலவைச் சீட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிவைத்திருந்தாள். தன் சட்டையைப் போட்டுக்கொண்டது ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் காலரைத் திருப்பிக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மடிப்பண்ணன் பொறுமையாகப் பதில் சொன்னார். இது பூ. இது பறவை. இது வளர்பிறை. வழக்கு முடிந்துவிட்டதால் சத்தியம் அமலில் இல்லை என்று மைத்துனன் சட்ட ஆலோசனை சொல்லியிருந்தான்.

மாலையில் கார் ஒன்று வந்து நின்றது. வழக்கமாக மூட்டையை வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் போகிற டிரைவர் இறங்கினார். லினன் சட்டையைத் துவைத்து, உலர்த்தி, மடிப்பு நிற்காது என்று தெரிந்தும் மூன்று தடவை இஸ்திரி போட்டு வைத்திருந்தார் மடிப்பண்ணன். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்தைய்யா பேசித் தொலைச்சே கோர்ட்டுல? நேத்து சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்ததும் ஐயாவைக் கையை நீட்டச் சொன்னாங்க. இடது கையை. அவரும் பாவம், பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி நீட்டுனாரு."

மடிப்பண்ணன் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டார். குட்டைக் காலில் மேசை ஒருமுறை ஆடி நின்றது.

"எந்த அம்மா?"

"எந்த அம்மாவா? மேல உக்காந்து உனக்குத் தீர்ப்பு எழுதுனாங்களே, அந்த அம்மா!" டிரைவர் காரில் ஏறினார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வெள்ளை நூல் ஒரு உருண்டை வாங்கிட்டு வரச் சொன்னாங்க. எங்க கிடைக்கும்?" என்றார்.

ஆறு மாதம் கழித்து மடிப்பண்ணன் புதுக் கணக்கோடு நீதிமன்றப் படி ஏறினார். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. நீலச் சட்டையின் முதுகில் மனைவி ஓர் ஒட்டுப் போட்டிருந்தாள். அதுவும் இஸ்திரிப் பெட்டி வடிவத்திலேயே அமைந்துவிட்டதால் கடைக்கு விளம்பரம் போல இருந்தது. அதைத்தான் போட்டிருந்தார். தொழில் தொடங்கியபின் முதல்முறையாக, ஒரே சட்டையை அவர் இரண்டு நாள் தொடர்ந்து போட்டுப் பார்த்தவர்கள் உண்டு.

கிளார்க் படிவத்தை வாங்கிப் புரட்டினார். அவருடைய காலரும் கைமுனைகளும் குழந்தையின் மனசு போலச் சுத்தமாக இருந்தன.

"உடைகள், சட்டை நாலு. சரி. வருமானம்... என்ன, பதினாலாயிரம் பன்னண்டரை ஆயிரத்துக்கு வந்துடுச்சு? தவணைக்கு என்ன பண்றீங்க?"

"வீட்டுக்காரி பொத்தான் தைக்கத் தனிக் கூலி போட்டுட்டாங்க. அதை அவங்க வருமானம்னு தனியா எழுதியிருக்கேன், பாருங்க. ஊர்ல இப்ப நிறைய பேரு வெள்ளை நூல்ல தெச்சுக்கறாங்க."

"வாடிக்கை குறைஞ்சுதா?"

"இல்லீங்க. ஆளு கூடியிருக்கு."

"அப்புறம் ஏன் குறைஞ்சுது? காரணம் எழுதணும்னு அம்மா உத்தரவு. இந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்களே?"

மடிப்பண்ணன் பேனாவை வாங்கினார். கிளார்க்கின் சுத்தமான கைமுனையை ஒரு கணம் வருத்தத்தோடு பார்த்தார். பிறகு குனிந்து, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற வரிக்கு மேலே, நிறுத்தி நிதானமாக எழுதினார்:

"காரணம்: கறை குறைவு."